போர்வண்டிக்கு ஏற்ற போலித் துப்பாக்கி

இரண்டாம் உலகப் பெரும்போரிலும் அதன் பின்னும் படைகளுக்கு உழைத்த மோட்டார் வண்டிகளைத் தேடியெடுத்து, துரு நீக்கிப் பழுதுபார்த்து, அவை களத்தில் நின்ற காலத்துக் கோலத்திற்கே மீட்டு ஓட்டி மகிழும் அன்பர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு முதலிய நாடுகளில் ஆயிரக்கணக்கில் உளர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நேசப்படைகள் கரையிறங்கிய நிகழ்ச்சியை நினைவுகூரும் பொருட்டு, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரைப் பகுதிக்கு இவ்வண்டிகள் பல நாடுகளிலிருந்தும் வந்து திரளுகின்றன. அவற்றுள் எங்கும் கண்ணிற்படுவது ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு தொழிற்சாலையாரும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தந்தனராதலின், எண்பது ஆண்டு கழிந்தும் அவை முற்றும் அருகிவிடவில்லை.

வண்டி கிடைக்கும், அதிலிருந்த துப்பாக்கி கிடைப்பது அரிது. படைத்துறையார் பழைய வண்டிகளை ஏலத்தில் விடும்பொழுது படைக்கலங்களைக் கழற்றிக்கொண்டே விடுவர். ஆதலால், இயந்திரத்தைச் செப்பம் செய்து, சக்கரங்களை மாற்றி, பச்சை வண்ணமும் பூசி முடித்த ஒருவர் முன், துப்பாக்கி நின்ற இடம் வெறுமையாக எதிர்ப்படுகின்றது. அவ்விடத்தில் எதனை வைப்பது? சுடாத போலித் துப்பாக்கிகள் இன்று பலவகையாகச் செய்து விற்கப்படுகின்றன. அவற்றுள் எது தகும், எது தகாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் மாணவனுக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு என நகைப்பார் நகைக்க. ஏட்டில் செல்லரித்துப் போன சொல்லுக்கு ஈடாக எதனைப் பெய்து நிரப்பலாம் என்னும் பதிப்பாசிரியர் வினாவும் இவ்வினாவும் ஓரினத்தனவாகவே எமக்குத் தோன்றுகின்றன.

இதனைச் சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் பற்றிய பேச்சென்று தள்ளுதல் கூடாது. 1944-இல் இருபது வயதினராய் அவ்வண்டிகளில் இருந்து போரிட்டவர்க்கு இன்று நூறு வயது கடந்துவிட்டது. முன்னெல்லாம் பிழையானதொரு துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு ஒருவர் கண்காட்சிக்கு வந்தால், “எங்கள் வண்டியில் இஃது இருந்ததில்லையே” என்று சொல்லக் கூட்டத்தில் ஒரு முதியவரேனும் இருந்திருப்பார். இன்று அவரைக் காண்டல் அரிது. தந்தையின் கைபிடித்து வந்து நிற்கும் சிறுவனுக்கு வண்டிதான் சாட்சி. அச்சாட்சி பொய் கூறுமாயின் மறுத்துரைப்பார் எவருமில்லை. அவன் கண்டதை மெய்யென்றே கொண்டு செல்வான்.

ஆகவே, துப்பாக்கியைத் தேடுமுன் வண்டியைத் தேடவேண்டும். எந்த நாட்டுப் படை, எந்த ஆண்டு, எந்தக் களம், எந்த அணி என்னும் நான்கும் தெளிந்த பின்னரே துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எழவேண்டும். அமெரிக்க வண்டிகளின் முன்புற மோதுகட்டையில் வெள்ளை எழுத்தால் ஒரு பக்கம் சேனைப் பிரிவின் எண்ணும், மற்றொரு பக்கம் அணியின் குறியும் வண்டியின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருந்தன. மீட்டமைப்போர் அவ்வெழுத்துகளை மிக்க ஆவலோடு எழுதிக்கொள்கின்றனர். அங்ஙனம் எழுதியவுடனே அவர் ஓர் உறுதிமொழி கூறியவராகின்றார். இன்ன பிரிவினர் இன்ன ஆண்டில் ஓட்டிய வண்டி இஃதென்று கூறியபின், அப்பிரிவினர் கண்ணாலும் கண்டிராத துப்பாக்கியை அதன்மேல் ஏற்றுவது எழுத்தையும் பொய்யாக்கிவிடும்.

ஜீப்பையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். கண்காட்சித் திடலுக்கு வரும் ஜீப்புகளைப் பார்ப்பவர், அக்காலத்தில் ஜீப்பெல்லாம் நடுவில் ஒரு தூணும் தூணின்மேல் ஒரு பெருந்துப்பாக்கியும் உடையனவாய் ஓடின என்றே எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஜீப்புகளில் மிகப் பெரும்பாலானவை யாதொரு துப்பாக்கியும் பொருத்தப்படாதவை. அதிகாரிகளை ஏற்றிச் செல்லவும், செய்தி கொண்டு போகவும், காயமுற்றோரைக் கிடத்திக் கொணரவும், உணவும் தோட்டாவும் சுமக்கவும், சிறு பீரங்கியை இழுக்கவுமே அவை பயன்பட்டன. பகைவர் நிலையை முன்சென்று வேவு பார்க்கும் அணிகள் முதலிய சிலரே அதில் இயந்திரத் துப்பாக்கியை நாட்டினர். அதற்கென அமைந்த தூணுக்கு எம் 31 என்பது பெயர். அதன்மேல் 0.30 அங்குலக் குழலுடைய பிரௌனிங் எம் 1919 ஏ 4 துப்பாக்கியையோ, 0.50 அங்குலக் குழலுடைய பிரௌனிங் எம் 2 துப்பாக்கியையோ ஏற்றலாம். முன்னது 31 இராத்தல் (14 கிலோ), பின்னது 84 இராத்தல் (38 கிலோ) எடையுடையது. இரண்டனுள்ளும் பெரியதையே வாங்க வேண்டுமென்று விழைவது மாந்தர் இயல்பு போலும்! கண்காட்சிகளில் 0.50 மிகுந்தும் 0.30 குறைந்தும் காணப்படுவதற்கு வரலாறு காரணமன்று. கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றுவதே காரணம்.

இவ்வாசைக்கு எண்ணெய் வார்த்தவற்றுள் ஒன்று, 1966-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ராட் பெட்ரோல்’ என்னும் கதைத்தொடர். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்து மணற்குன்றுகளின் மேல் இரு ஜீப்புகள் துள்ளிப் பாய்வதும், அவற்றில் 0.50 பிரௌனிங் முழங்குவதும் அத்தொடரின் கவர்ச்சி. மணல்நிறம் பூசிய ஜீப்பில் 0.50 துப்பாக்கியை ஏற்றி வருவோர் பலர் அறிந்தோ அறியாமலோ அக்கதையைத்தான் மீட்டமைக்கின்றனர். பாலைவனத்தில் உண்மையாகவே ஜீப்பில் சென்று பகைவர் விமானத் தளங்களைத் தாக்கியவர், டேவிட் ஸ்டர்லிங் என்பார் தலைமையில் இயங்கிய பிரிட்டிஷ் சிறப்பு விமானப்படைப் பிரிவினர். 1942-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் இரவு எகிப்து நாட்டுச் சிதி ஹனீஷ் விமானத் தளத்தின்மேல் 18 ஜீப்புகளுடன் அவர் பாய்ந்தனர். அவ்வண்டிகளின் அடையாளமாய் நின்றது விக்கர்ஸ் கே என்னும் துப்பாக்கி. அது முதலில் விமானத்தின் பின்னிருக்கையில் இருப்பவர் சுடுதற்கென்று அமைந்தது. மேலே தட்டையான வட்டப் பெட்டியொன்றில் தோட்டாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். விமானங்களுக்கு வேறு துப்பாக்கிகள் வந்துவிட்டமையால் கிடங்கில் கிடந்தவற்றை அவர் பெற்று, இரண்டிரண்டாகப் பிணைத்து ஜீப்பில் நாட்டினர். மிக விரைந்து சுடும் திறனே அவர் வேண்டியது. ஒரே மூச்சில் நிறுத்தி வைத்த விமானங்களை எரித்துவிட்டு மறையவேண்டியவர்க்கு அதனினும் ஏற்றது வேறில்லை. இத்துணைச் சிறப்புடைய செய்தியைச் சொல்லக்கூடிய வண்டியில் கதைத்தொடரின் துப்பாக்கியை வைத்தல், பாடபேதங்களுள் மூலத்திற்குரியதை விட்டு மேடைக்கு இனியதைக் கொள்வது போன்றதே.

விக்கர்ஸ் கே துப்பாக்கியின் பிறப்பில் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்புண்டு. விக்கர்ஸ் பெர்த்தியர் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியிலிருந்தே அது வளர்ந்தது. அந்த விக்கர்ஸ் பெர்த்தியரை இந்தியப் படை 1933-ஆம் ஆண்டில் மேற்கொண்டது. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. பிரிட்டிஷ் படையோ பிரென் என்னும் துப்பாக்கியை மேற்கொண்டு 1938 முதல் வழங்கிற்று. செக்கோஸ்லோவாகிய நாட்டுப் பிர்னோ நகரப் பெயரின் முதலும், இங்கிலாந்து நாட்டு என்ஃபீல்டு ஊர்ப்பெயரின் முதலும் கூடிப் பிறந்த பெயர் அது. இரண்டும் 0.303 அங்குலத் தோட்டாவையே சுடும்; இரண்டிலும் தோட்டாப்பெட்டி வளைந்து மேல்நோக்கி நிற்கும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே, பிரென் காரியர் என்று மக்கள் வழங்கும் சங்கிலிச்சக்கரச் சிறு கவசவண்டியை மீட்டு, அதில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட நான்காம் இந்தியப் பிரிவின் செங்கழுகுக் குறியை எழுத விரும்புபவர், வண்டியின் பெயரிலேயே பிரென் இருக்கின்றது என்று அமைந்துவிடாமல், அப்பிரிவின் அக்காலத்துப் புகைப்படங்களை எடுத்து வைத்துப் பார்த்தல் வேண்டும். இந்தியப் படையினர் கையில் பெர்த்தியர் துப்பாக்கி இருந்த காலம் அது.

காரியரைப் பற்றிப் பேசும்பொழுது தோட்டாப்பெட்டியின் வளைவைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஒரு துப்பாக்கியின் காலத்தை ஒரு வளைவு காட்டிக்கொடுப்பது வியப்பன்றோ? 0.303 தோட்டாவின் அடியில், உடலைவிட அகன்று புறத்தே துருத்தும் விளிம்பு ஒன்றுண்டு. அத்தகைய தோட்டாக்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் அடிப்பக்கம் பருத்து, நுனிப்பக்கம் நெருங்கி, அடுக்கு முழுவதும் விசிறிபோல் வளையும். அதனாற் பெட்டியும் வளைந்தது. போர் முடிந்தபின், 1954-ஆம் ஆண்டில், வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகள் 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவைப் பொதுவாகக் கொண்டன. இதன் அடிவிளிம்பு உடலுக்கு வெளியே துருத்துவதில்லை. அடுக்கினால் ஏறக்குறைய நேராக நிற்கும். பழைய பிரென் துப்பாக்கிகளைப் புதிய தோட்டாவுக்கேற்ப மாற்றி எல் 4 என்று பெயரிட்டபொழுது, பெட்டியும் நிமிர்ந்துவிட்டது. 1982-ஆம் ஆண்டுப் பாக்லாந்துப் போரிலும் எல் 4 பயன்பட்டது. செயலறுத்த துப்பாக்கிகளை விற்போரிடம் இரண்டு வகையும் கிடைக்கின்றன. விலை குறைவென்று எல் 4 ஒன்றை வாங்கி 1944-ஆம் ஆண்டுக் காரியரில் வைப்பவர், நிமிர்ந்த பெட்டியொன்றால் பிழையைத் தாமே பறைசாற்றுகின்றார். மாறாக, 1952 முதல் செய்யப்பெற்ற ஃபெரட் என்னும் வேவுக் கவசவண்டியின் திறந்த மேற்புறமுடைய வகைக்கு, அது சேவையிலிருந்த ஆண்டை நோக்கி, வளைந்ததோ நிமிர்ந்ததோ ஒன்று பொருந்தும். கோபுரமுடைய ஃபெரட் வகைக்கோ 0.30 பிரௌனிங்கே உரியது.

அதே காரியரில் பாய்ஸ் என்னும் 0.55 அங்குல டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியை வைப்பாரும் உளர். 1940-ஆம் ஆண்டு வண்டிக்கு அது மிகப் பொருத்தம். 1943-இல் பியட் என்னும் புதிய கருவி களத்திற்கு வந்தபின் பாய்ஸ் ஒதுங்கிவிட்டமையின், நார்மண்டி வண்டியில் அது பழங்காலத்து விருந்தினர் போல் நிற்கும்.

செருமானிய வண்டிகளை மீட்பார்க்கும் இத்தகைய இடர் உண்டு. திரைப்படங்களால் உலகறிந்த எம்.ஜி. 42 துப்பாக்கி 1942-ஆம் ஆண்டில்தான் படைக்கு வந்தது. 1940-ஆம் ஆண்டுப் பிரான்சுப் போர்க் கோலத்தில் நிற்கும் அரைச்சங்கிலி வண்டிக்கு அதற்கு முந்திய எம்.ஜி. 34 ஒன்றே உரியது. அன்றியும், புதியது வந்தபின்னரும் டாங்கிகளில் பழையதே நிலைபெற்றது. காரணம் கேட்கத்தக்கது. இடைவிடாது சுடுவதால் குழல் காய்ந்துவிடும், அடிக்கடி மாற்றவேண்டும். எம்.ஜி. 42-இன் குழலை வலப்பக்கமாக வெளியே வளைத்தெடுக்க வேண்டும். டாங்கியின் கவசத்துளைக்குப் பின்னே அதற்கு இடமேது? எம்.ஜி. 34-இன் குழலையோ பின்புறமாக உருவிவிடலாம். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டு, இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையிலுள்ள டைகர் 131-க்கும் உரிய துப்பாக்கி எம்.ஜி. 34-தான். எம்.ஜி. 42 போலியாக வேண்டுவோர்க்கு, அதனைப் பார்த்து யுகோஸ்லாவியா போருக்குப்பின் செய்த எம் 53 தோற்றத்தில் மிக நெருங்கியது, குறையொன்றும் கூறுதற்கில்லை.

துப்பாக்கி இல்லாதிருப்பதே மெய்யாகும் இடங்களும் உண்டென்பதற்கு ஷெர்மன் டாங்கி நல்ல சான்று. அமெரிக்கர் செய்த ஷெர்மன் டாங்கியின் முன்பக்கத்தில் ஓட்டுநர்க்கு அருகே ஓர் இயந்திரத் துப்பாக்கியும் அதனைச் சுடும் வீரர் ஒருவரும் இருந்தனர். பிரிட்டிஷார் அதிலே தங்கள் 17 இராத்தல் பீரங்கியை ஏற்றி ‘பயர்பிளை’ என்று பெயரிட்டபொழுது, அப்பீரங்கியின் நீண்ட குண்டுகளை வைக்க இடம் வேண்டி, அவ்வீரரை நீக்கி, துளையையும் கவசத் தகட்டால் மூடிவிட்டனர். பயர்பிளை வண்டியின் முன்புறத்தில் ஒரு போலித் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்தால், ஐந்தாவது ஆள் ஒருவரைக் கற்பனையால் உள்ளே உட்கார வைத்ததாகும். மேற்புறத்து 0.50 துப்பாக்கியையும் பிரிட்டிஷ் அணிகள் பல கழற்றிவிட்டே போர் செய்தன.

0.50 பிரௌனிங் உண்மையாகவே பொருந்தும் வண்டிகளிலும் ஒரு நுணுக்கம் கவனித்தற்குரியது. தரைப்படைக்குரிய எம் 2 துப்பாக்கியின் கனத்த குழல் பெரும்பகுதி வெளிப்படையாக நிற்கும். அடியில் மட்டும் துளைகளுடைய சிறிய உறையொன்று தாங்கும். விமானத்திற்குரிய வகையிலோ துளையிட்ட உறை குழலின் நீளம் முழுவதையும் ஏறத்தாழ மூடியிருக்கும். துளையுறையின் அழகில் மயங்கி விமான வகையின் போலியை ஜீப்பில் வைப்பது அடிக்கடி நேர்கின்ற தவறு. குழலின் நுனியில் தீப்பிழம்பை மறைக்கும் கவர்முனையும் உலகப்போர் வண்டிக்கு ஆகாது. அது மிகப் பிற்காலத்து எம் 2 ஏ 1 வகையின் அடையாளம்.

மோட்டார் சைக்கிளும் இதற்கு விலக்கன்று. ஹார்லி டேவிட்சன் டபிள்யு.எல்.ஏ. வண்டியின் முன்கவட்டுப் பக்கத்தில் தாம்ஸன் துப்பாக்கி செருகும் தோலுறை ஒன்று உண்டு. வட்டப் பெட்டியுடைய தாம்ஸனை அதில் செருக ஆசைப்படுவார் சிகாகோக் கள்வர் படங்களைப் பார்த்தவராதல் வேண்டும். 1942-இல் எளிமையாக்கப்பட்ட எம் 1 தாம்ஸனில் வட்டப் பெட்டி பொருந்தவே பொருந்தாது.

இனிப் போலி செய்யப்படும் வகையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, செயலறுத்த துப்பாக்கி. உண்மைத் துப்பாக்கியே, குழலை அடைத்தும் உட்பொறியை வெட்டியும் பற்றவைத்தும் இனி ஒருகாலும் சுடாதபடி செய்தது. இரண்டாவது, உண்மையான உறுப்புகளைக் கொண்டு போலி உடலின்மேல் கூட்டியது. அமெரிக்காவில் இம்முறை மிகுதி. எம் 1919 துப்பாக்கியின் வலப்பக்கத் தகடே சட்டத்தின் கண்ணில் ‘துப்பாக்கி’ எனப்படுமாதலின், அத்தகட்டை மட்டும் போலியாக்கி, உட்பொறி நுழைய இடமின்றி அடைத்துவிட்டுப் பிற உறுப்புகளைப் பொருத்துவர். மூன்றாவது, ரெசின் என்னும் செயற்கைப் பிசினிலோ அலுமினியத்திலோ அச்சில் வார்த்தது. நான்காவது, மரத்தையும் இரும்புக்குழாயையும் கொண்டு வீட்டிலேயே செய்தது. இந்நான்காவதை இகழ்வாரோடு யாம் உடன்படோம். அளவு சரியாகவும் கோடுகள் சரியாகவும் இருப்பின், பத்தடி தூரத்தில் நிற்பவர்க்கு மரமும் உண்மையைச் சொல்லும். அளவு தவறிய இரும்போ அருகிலும் பொய்யே சொல்லும்.

ரெசின் வாங்குவோர் குழலினுள்ளே எஃகுக் குழாய் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இல்லையேல் வெயிலில் நின்று நாளடைவில் குழல் வாழைத்தண்டு போல் வளையும். எடை குறைந்த போலி, கரடுமுரடான வழியில் தூணின்மேல் குதித்தாடும். ஓடும்பொழுது அதனை இறுக்கிப் பிடிக்கும் தாங்கியைத் தவறாமல் பொருத்துக. எடை மிகுந்த செயலறுத்த 0.50-இலோ இடர் வேறு. 38 கிலோ எடையை அவ்வளவு உயரத்தில் ஏற்றினால் சிறு வண்டியாகிய ஜீப் வளைவுகளில் சாயும் இயல்பு பெறும். ஒட்டுவோர் அதனை மறத்தல் ஆகாது.

மேற்பூச்சைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கப் படைக்கலங்களின் எஃகு, துருவேறாமைக்காக இரசாயன முறையில் சாம்பல் நிறமோ பசுஞ்சாம்பல் நிறமோ ஏற்றி மங்கலாக விடப்பட்டது. கடையில் வரும் போலிகள் பல கண்ணாடிபோற் பளபளக்கும் கருநிறத்தன. தொண்டைமானுடைய படைக்கலக் கொட்டிலை அவ்வையார் புகழ்வது போலப் பழித்த புறநானூற்றுப் பாட்டைப் பயின்றவர்க்குப் புழங்கிய படைக்கும் பூட்டி வைத்த படைக்கும் உள்ள வேற்றுமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. கைபடும் இடங்களில் தேய்ந்து, மடிப்புகளில் தூசி படிந்து நிற்றலே புழக்கத்தின் குறி. தோட்டாக் கச்சையும் அவ்வாறே. உலகப்போர்க் காலத்தில் தரைப்படையின் 0.30 பிரௌனிங்குக்கு 250 தோட்டா கொள்ளும் பருத்தித்துணிக் கச்சையே பெருவழக்கு. போலித் தோட்டாக்களைச் செருகிய துணிக்கச்சை எளிதிற் கிடைக்கவும், இரும்புக் கண்ணிகளைத் தொங்கவிடுவானேன்?

சட்டத்தைப் பற்றி அறியாது இதில் இறங்குபவர் தமக்கும் பிறர்க்கும் இடர் விளைப்பர். பிரிட்டனில் செயலறுத்த துப்பாக்கிக்கு இலண்டன், பர்மிங்காம் நகரங்களிலுள்ள சோதனைக் கழகங்கள் சான்றிதழ் வழங்குகின்றன. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப் பிறந்த விதிகள் 1995-இலும் 2016-இலும் மேன்மேலும் கடுமையாயின. பழைய விதிப்படி அறுத்தவற்றில் தாழ் அசையும், விசை சொடுக்கும். புதிய விதிப்படி யாவும் பற்றவைக்கப்பட்டு அசைவின்றிக் கிடக்கும். பழைய விதிப்படி மட்டும் அறுத்ததை அவ்வாறே பிறர்க்கு விற்றலும் கொடுத்தலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாயின. ஆகவே, மலிவாகக் கிடைக்கின்றதென்று சான்றிதழின்றி வாங்குதல் ஒருகாலும் ஆகாது. வார்ப்புப் போலிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2006-ஆம் ஆண்டு வன்குற்றத் தடைச் சட்டம், மெய்யெனத் தோன்றும் போலித் துப்பாக்கிகளைச் செய்தலையும் விற்றலையும் இறக்குமதி செய்தலையும் தடுத்தது. அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று நிகழ்ச்சிகளை மீள நடித்துக் காட்டும் கழகங்கள் என்னும் இவற்றிற்கு விலக்களித்தது. மீட்டமைப்போர் பெரும்பாலும் காப்பீடுடைய இத்தகைய கழகமொன்றின் உறுப்பினராய் இருந்தே போலி வாங்குவதன் காரணம் இதுவே. வாங்கிவிட்டமையால் எங்கும் தூக்கித் திரியலாம் என்பதுமில்லை. தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் போலித் துப்பாக்கியைக் கொண்டு செல்வதும் அங்குக் குற்றம். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவுக்குட்படுத்தியது. 1986 மே மாதத்திற்குப்பின் பொதுமக்கள் பெயரில் புதியதாக ஒன்றையும் பதிய இயலாது. போலியுடல் துப்பாக்கிகள் அங்குப் பெருகியது இதனால்தான்.

சட்டத்திற்கு அப்பாலும் கருதவேண்டுவது உண்டு. தெருவில் நிற்கும் காவலர்க்குப் போலியும் மெய்யும் ஒன்றே. அவர் ஓரிரு நொடிகளில் முடிவு செய்தாக வேண்டியவர். போலி எவ்வளவு சிறந்ததோ அவ்வளவுக்கு இடரும் பெரிது என்பதை அதன் உடையவர் மறவாதிருத்தல் வேண்டும். ஒலி எழுப்பும் போலிகளும் இன்று உள. பிராணவாயுவையும் புரொபேன் வாயுவையும் கலந்து மின்பொறியால் வெடிக்கச் செய்ய, தோட்டா இன்றியே முழக்கமும் சுடரும் தொடர்ந்து எழும். திடலில் கூட்டத்தைக் கவர்வதில் இதற்கு நிகரில்லை. ஆயினும் ஜீப்பின் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே இருக்கின்றது. அதன் பக்கத்தில் வாயு உருளைகளை வைத்துப் பொறி எழுப்புதல் எமக்கு உடன்பாடன்று. வேண்டுமாயின் தரையில் நிறுத்தி, சிறுவர்களைத் தொலைவில் வைத்து, காதடைப்புக் கொடுத்துச் செய்யலாம்.

நம் கல்லூரி நண்பர்களிற் சிலர், “கொலைக்கருவியைக் காட்சிக்கு வைப்பதே தகாது; வண்டியை மட்டும் காட்டினால் ஆகாதோ?” என்று வினவினர். மதிக்கத்தக்க வினா. ஆயினும் துப்பாக்கியோடு களத்தில் நின்ற வண்டியைத் துப்பாக்கியின்றிக் காட்டினால், போர் ஓர் உல்லாசப் பயணமென்று காண்பவர் எண்ணவும் கூடும். ஆகவே எல்லா வண்டிக்கும் ஒரே விதி கூற இயலாது. இருந்ததென்று சான்று உள்ள இடத்தில் இருந்ததனையே வைத்தலும், இல்லையென்று சான்று உள்ள இடத்தில் வையாமையும் எளிய வேலைகள். இரண்டிற்கும் சான்று கிடையாத வண்டியைப் பற்றியே ஐயம் எழும். அங்கே உ. வே. சாமிநாதையர் சங்கநூற் பதிப்புகளில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டிய முறையே சிறந்ததென்பது எம் கருத்து. தூணை நாட்டி, முளையைச் செருகி, மேலே ஒன்றும் வையாது விடுக. அருகில் ஒரு பலகையில், இவ்வகை வண்டிகளிற் சிலவற்றில் இன்ன துப்பாக்கி இருந்தது, இவ்வண்டியில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று இரண்டு வரி எழுதி வைத்தால், பார்ப்பவர் வினவுவர். வினவினால் ஜீப்பின் உண்மைக் கதையைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்.

இறுதியாக, சாலையிற் செல்லும் முறை. கண்காட்சித் திடலுக்கும் வீட்டிற்கும் இடையே துப்பாக்கியைத் தூணிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டு செல்வது நன்று. சான்றிதழும் உறுப்பினர் அட்டையும் உடனிருக்க வேண்டும். அணிவகுப்பாகச் செல்லும் நாளில் கழற்ற இயலாவிடின், கித்தான் உறையிட்டு மூடிக் கட்டலாம். இதனால் கோலம் கெடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. தூசியும் மழையும் பொறியைக் கெடுக்காமைக்காகப் படையினர்க்கே கித்தான் உறைகள் கொடுக்கப்பட்டிருந்தன. அவ்வுறைகளின் அளவும் தையலும் பார்த்துப் புதியன தைத்துக் கொடுப்போர் இன்றும் உளர். நிறத்தை மட்டும் வண்டியின் ஆண்டிற்கேற்பக் கேட்டு வாங்குக.